ஸ்வீடன் பயணமா? பணத்தை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே தயார் செய்திடுங்கள்

அலுவலக வேலையாக ஒரு முறை நான் ஸ்வீடன் சென்றேன். முதல் வெளிநாட்டுப் பயணம். பையில் 6,000 குரோனர் ரொக்கம் இருந்தது. எல்லாமே 500 குரோனர் நோட்டுகள். கூடவே ஒரு டெபிட் கார்டு. இதற்கு மேல் என்ன வேண்டும் என்ற தைரியத்தில் மதியம் 3 மணிக்கு ஸ்டாக்ஹோமின் ஆர்லாண்டா விமான நிலையத்தில் இறங்கினேன்.

நகரத்திற்குச் செல்லும் பேருந்தில் ஏறி 500 குரோனர் நோட்டை நீட்டினேன். ஓட்டுநர் தலையை ஆட்டிவிட்டு கார்டு இயந்திரத்தைக் காட்டினார். கார்டைச் செருகினேன். ஏற்கவில்லை. மீண்டும் செருகினேன். ஏற்கவில்லை. பின்னால் நின்றவர்களுக்கு வழி விட்டு இறங்கிவிட்டேன்.

விஷயம் இதுதான். என் கார்டில் வெளிநாட்டுப் பரிமாற்றம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அதை இயக்க நெட் பேங்கிங் போக வேண்டும். விமான நிலையத்தில் இலவச வை-பை இருந்தது. எனவே அதுவரை பிரச்னை இல்லை. ஆனால் மாற்றத்தை உறுதி செய்ய மொபைலுக்கு ஓடிபி எண் வரும் அல்லவா? என் சிம் கார்டில் ரோமிங் வசதி போடவில்லை. எஸ்.எம்.எஸ். எப்படி வரும்? கடைசியில் வாட்ஸ்அப் மூலம் திருச்சியில் இருந்த தம்பியை அழைத்தேன். அவன் வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, மொபைல் நிறுவனத்தின் இணைய தளத்தில் என் எண்ணுக்கு ரோமிங் பேக் ரீசார்ஜ் செய்தான். சிறிது நேரத்தில் எஸ்.எம்.எஸ். வந்தது. கார்டு உயிர் பெற்றது. ஒன்றரை மணி நேரம் கழித்து அதே வழித்தடத்தில் அடுத்த பேருந்தைப் பிடித்தேன்.

கையில் பணம் இருந்தும் பேருந்து ஏற முடியாத அந்த அனுபவம் உங்களுக்கு வேண்டாம். படிப்புக்காகவோ, வேலைக்காகவோ, மகன் மகளைப் பார்க்கவோ ஸ்வீடன் செல்பவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் என்னென்ன ஏற்பாடுகளைச் செய்திட வேண்டும் என்று இங்கு பார்ப்போம்.

யூரோ அல்ல, குரோனா

ஸ்வீடன் 1995ல் ஐரோப்பிய யூனியனில் சேர்ந்தது. ஆனால் யூரோ நாணயத்தை ஏற்கவில்லை. 2003 செப்டம்பர் 14ல் நடந்த பொது வாக்கெடுப்பில் பெரும்பான்மையோர் யூரோ வேண்டாம் என்று கூறிவிட்டனர். எனவே அங்கு இன்றும் குரோனாதான். ஒன்று என்றால் குரோனா. பல என்றால் குரோனர். வங்கிகளும் இணைய தளங்களும் இதனை எஸ்.இ.கே. என்ற மூன்றெழுத்துக் குறியீட்டால் குறிப்பிடுகின்றன.

இதில் ஒரு குழப்பம் உண்டு. பக்கத்து நாடுகளான நார்வே, டென்மார்க், ஐஸ்லாந்து ஆகியவற்றின் பணத்திற்கும் ஏறக்குறைய இதே பெயர்தான். ஒரு காலத்தில் ஸ்வீடனும் டென்மார்க்கும், பின்னர் நார்வேயும் 1873ல் தொடங்கிய ஒரே நாணயக் கூட்டமைப்பில் இருந்தன. இன்று எல்லாம் தனித்தனிப் பணம், மதிப்பும் வேறு. இணைய தளத்தில் ஓட்டல் பதிவு செய்கையில் 'கே.ஆர்.' என்று மட்டும் போட்டிருந்தால் அது எந்த நாட்டு குரோனா என்று பார்த்துக் கொள்ளவும். பின்லாந்து மட்டும் யூரோ நாடு. கப்பலில் ஸ்டாக்ஹோமிலிருந்து ஹெல்சின்கி சென்றால் பணம் மாறிவிடும்.

நோட்டுகள் 20, 50, 100, 200, 500, 1,000 என ஆறு வகை. நாணயங்கள் 1, 2, 5, 10 என நான்கு வகை. 10 குரோனர் நாணயம் 5 குரோனர் நாணயத்தை விடச் சிறியது. தங்க நிறத்தில் இருக்கும். அளவைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். ஒரு குரோனாவிற்கு 100 ஓரே என்பது கணக்கில் மட்டுமே உள்ளது. கடைசி ஓரே நாணயமான 50 ஓரே 2010ல் செல்லாததாகிவிட்டது. ரொக்கமாகக் கொடுத்தால் மொத்தத் தொகையை முழு குரோனாவிற்கு மாற்றிவிடுவார்கள். கார்டில் கொடுத்தால் ஓரே வரை துல்லியமாகக் கழியும்.

பழைய நோட்டு ஜாக்கிரதை

"என்னிடம் ஸ்வீடன் நோட்டு கொஞ்சம் இருக்கிறது, எடுத்துப் போ" என்று உறவினர் யாராவது அன்போடு தரலாம். வாங்கு முன் நோட்டைப் பாருங்கள். 2015, 2016 ஆண்டுகளில் ஸ்வீடன் எல்லா நோட்டுகளையும் மாற்றிவிட்டது. பழைய 20, 50, 1,000 நோட்டுகள் 2016 ஜூன் 30க்குப் பின்னும், பழைய 100, 500 நோட்டுகள் 2017 ஜூன் 30க்குப் பின்னும் கடைகளில் செல்லாது. அவற்றை ரிக்ஸ்பாங்க் என்ற மத்திய வங்கிக்கு அனுப்பி, கட்டணம் பிடித்தது போக மீதியைப் பெற விண்ணப்பிக்கலாம். சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு இது தேவையற்ற அலைச்சல்.

புதிய நோட்டை அடையாளம் காண்பது எளிது. 20ல் எழுத்தாளர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரன், 50ல் பாடகர் எவர்ட் டோப், 100ல் நடிகை கிரெட்டா கார்போ, 200ல் திரைப்பட இயக்குநர் இங்மர் பெர்க்மன், 500ல் இசைப் பாடகி பிர்கிட் நீல்சன், 1,000ல் ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த டாக் ஹாமர்ஷால்ட் ஆகியோர் படங்கள் இருக்கும். ரிக்ஸ்பாங்கின் இணைய தளத்தில் செல்லும் நோட்டுகள், செல்லாத நோட்டுகள் இரண்டின் படங்களும் உள்ளன. அவற்றைப் பிரிண்ட் எடுத்து, கையில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்.

ஏன் ரொக்கம் வாங்குவதில்லை?

ஐரோப்பாவில் முதன் முதலாக வங்கி நோட்டு வெளியிட்ட நாடு ஸ்வீடன்தான், ஆண்டு 1661. அதே நாடு இன்று நோட்டைக் கைவிடுவதில் முன்னணியில் நிற்கிறது. ரொக்கம் அங்கு சட்டப்படி செல்லும் பணம்தான். ஆனாலும், ரொக்கம் வாங்குவதில்லை என்று ஒரு கடைக்காரர் வாசலில் அறிவித்துவிட்டால் அதுவே வாடிக்கையாளரோடு செய்து கொண்ட ஒப்பந்தமாக எடுத்துக் கொள்ளப்படும். அதனால்தான் பேருந்து, அருங்காட்சியகம், காபி கடை எனப் பல இடங்களில் கார்டு மட்டுமே. கட்டணக் கழிப்பறையில்கூட கார்டைத் தேய்த்து உள்ளே போனவன் நான்.

உள்ளூர்வாசிகள் ஸ்விஷ் என்ற மொபைல் அப்ளிகேஷனைப் பயன்படுத்துகின்றனர். 2012ல் அந்நாட்டு வங்கிகள் சேர்ந்து தொடங்கியது இது. நம் ஊர் யுபிஐ போன்றது. ஆனால் ஸ்வீடன் வங்கிக் கணக்கும் அந்நாட்டு அடையாள எண்ணும் இல்லாமல் அதில் சேர முடியாது. சில நாள் பயணிகளுக்கு அது உதவாது. நம் யுபிஐயை நம்பியும் ஸ்வீடன் கடைக்குப் போக வேண்டாம். நமக்கு வழி விசா அல்லது மாஸ்டர்கார்டு அடையாளம் உள்ள கார்டுதான்.

புறப்படும் முன் கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியவை

1. கார்டில் வெளிநாட்டு வசதியை இயக்கவும்: 2020 மார்ச் 16 முதல் ரிசர்வ் வங்கியின் விதிப்படி, புதிதாகத் தரப்படும் கார்டுகள் இந்தியாவிற்குள் உள்ள ஏடிஎம் மற்றும் கடை இயந்திரங்களில் மட்டுமே இயங்கும். வெளிநாட்டு வசதியை நாம்தான் கேட்டுப் பெற வேண்டும். உங்கள் வங்கியின் இணைய தளத்தில் நுழைந்து கார்டுகள் என்ற பிரிவைத் திறக்கவும். அதில் வெளிநாட்டுப் பயன்பாடு என்ற பொருள் தரும் தலைப்பைக் கிளிக் செய்திடவும். ஏடிஎம், கடை இயந்திரம், இணையம், டேப் செய்து செலுத்துதல் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஸ்விட்ச் இருக்கும். தேவையானவற்றை இயக்கி, நாளுக்கு எவ்வளவு என்ற வரம்பையும் அமைத்திடவும். ஊர் திரும்பியதும் அணைத்துவிட மறக்க வேண்டாம்.

2. ரோமிங் பேக்: ஓடிபி எஸ்.எம்.எஸ். வருவதற்காகவாவது ஒரு சிறிய பேக் போட்டுக் கொள்ளவும். எஸ்.எம்.எஸ். பெறும் வசதி அதில் உண்டா என்று படித்துப் பார்த்த பின் பணம் கட்டவும். நான் சறுக்கிய இடம் இதுதான்.

3. இரண்டு கார்டுகள்: இரண்டும் வெவ்வேறு வங்கிகளுடையதாக இருப்பது நல்லது. ஒன்று பர்ஸில், மற்றொன்று பெட்டியில். ஓட்டலிலும் கார் வாடகைக்கும் முன்பணமாக ஒரு தொகையைக் கார்டில் தடுத்து வைப்பார்கள். டெபிட் கார்டு அல்லது பாரெக்ஸ் கார்டு கொடுத்தால் அந்தப் பணம் சில நாட்களுக்கு முடங்கிவிடும். இதற்கு கிரெடிட் கார்டு ஏற்றது.

4. பாரெக்ஸ் கார்டு வாங்கினால்: அதில் எந்தப் பணம் ஏற்றப்படுகிறது என்று கேளுங்கள். ஐரோப்பாதானே என்று யூரோவை ஏற்றிக் கொண்டு போனால், ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் யூரோவிலிருந்து குரோனாவிற்கு மாற்றக் கட்டணம் பிடிக்கப்படும். குரோனா ஏற்றும் வசதி உள்ள கார்டையே கேட்டு வாங்கவும்.

5. பின் எண்: நான்கு எண்களையும் மனதில் வைத்துக் கொள்ளவும். சிறு தொகைக்குக் கார்டைக் காட்டினால் போதும். தொகை கூடினால் பின் எண் கேட்கும். மறந்துவிட்டால் அங்கு உதவ யாரும் இல்லை.

செலவைக் கணக்கிட ஓர் ஒர்க் ஷீட்

கூகுள் தளத்தில் ஆயிரம் என்ற எண்ணும் எஸ்.இ.கே. என்ற குறியீடும் கொடுத்து ரூபாயில் கேட்டால் அன்றைய மதிப்பு கிடைக்கும். ஆனால் அது வங்கிகளுக்கு இடையேயான மதிப்பு. நம் கணக்கில் கழிவது அதைவிட அதிகம். பல கார்டுகளில் 2 முதல் 3.5 சதவீதம் வரை வெளிநாட்டுக் கட்டணம் உண்டு. அந்தக் கட்டணத்தின் மீது 18 சதவீதம் ஜிஎஸ்டி.

கணக்கு எளிதாக இருக்க 1 குரோனா 9 ரூபாய் என வைத்துக் கொள்வோம். கட்டணம் 3.5 சதவீதம் என்றால் 31.5 பைசா. அதன் மீது ஜிஎஸ்டி சுமார் 5.7 பைசா. ஆக, ஒரு குரோனா நமக்கு 9 ரூபாய் 37 பைசா ஆகிறது. நீங்கள் புறப்படும் நாளின் மதிப்பையும், உங்கள் கார்டின் கட்டணத்தையும் போட்டு இதே போல் கணக்கிடவும்.

இனி எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைத் திறந்து கொள்ளவும். ஏ1 செல்லில் 'ஒரு குரோனா' என்றும், பி1 செல்லில் 9.37 என்றும் டைப் செய்திடவும். மூன்றாவது வரிசையில் தேதி, செலவு, குரோனர், ரூபாய் என்று நான்கு தலைப்புகள் தரவும். நான்காவது வரிசையிலிருந்து செலவுகளை எழுதலாம்.

டி4 செல்லில் கர்சரை வைத்து சமக் குறியை அழுத்தவும். சி4 செல்லைக் கிளிக் செய்திடவும். பெருக்கலுக்கு நட்சத்திரக் குறியை அழுத்தி, பின் பி1 செல்லைக் கிளிக் செய்திடவும். இப்போது உடனே எஃப்4 கீயை அழுத்தவும். பி1 என்பதில் டாலர் அடையாளங்கள் சேர்ந்து கொள்ளும். பிறகு என்டர் தட்டவும்.

அந்த டாலர் அடையாளத்திற்கும் அமெரிக்கப் பணத்திற்கும் தொடர்பில்லை. பார்முலாவை எங்கு காப்பி செய்தாலும் பி1 செல்லையே பார் என்பது அதன் பொருள். இனி டி4 செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு கட்டத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால் எல்லா வரிசைகளுக்கும் கணக்கு வந்துவிடும். மதிப்பு மாறினால் பி1ல் மட்டும் திருத்தினால் போதும். எஃப்4 கீயை மறந்தால் கீழ் வரிசைகளில் பூஜ்யமோ பிழைச் செய்தியோ வரும்.

ரூபாயா, குரோனரா?

கடை இயந்திரமும் ஏடிஎம்மும் சில நேரம் ஒரு கேள்வி கேட்கும். பில் தொகையை ரூபாயில் செலுத்துகிறீர்களா, குரோனரில் செலுத்துகிறீர்களா? ரூபாய் என்றால் பழகிய பணம் என்று நாம் அதையே தொடுவோம். தொடாதீர்கள். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் மாற்று மதிப்பை முடிவு செய்வது அந்த இயந்திரத்தின் நிறுவனம். அது தன் லாபத்தையும் சேர்த்துக் கொள்ளும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஓட்டல் பில் 1,200 குரோனர். நம் ஒர்க் ஷீட் மதிப்பில் 11,244 ரூபாய். இயந்திரம் 7 சதவீதம் கூட்டி 1 குரோனாவிற்கு 9 ரூபாய் 63 பைசா என்று போட்டால் 11,556 ரூபாய். ஒரே பில்லில் 312 ரூபாய் கூடுதல். இதோடு முடியாது. வெளிநாட்டுக் கடையில் ரூபாயில் செலுத்தியதற்காகத் தனிக் கட்டணம் போடும் வங்கிகளும் நம் ஊரில் உண்டு. எனவே எப்போது கேட்டாலும் குரோனர் என்றே பதில் தரவும்.

எவ்வளவு ரொக்கம் கொண்டு போகலாம்?

அவசரத்திற்கு 500 முதல் 1,000 குரோனர் போதும். அதுவும் 100, 200 நோட்டுகளாக. நான் கொண்டு போன 6,000 குரோனரில் பெரும்பகுதி அப்படியே திரும்பி வந்தது. வாங்கும்போது ஒரு விலை, விற்கும்போது ஒரு விலை என்பதால் இரண்டு பக்கமும் நஷ்டம். வேண்டுமானால் அங்கேயே பாங்கோமாட் எனப்படும் ஏடிஎம்மில் எடுக்கலாம். ஒவ்வொரு முறைக்கும் நம் வங்கி தனிக் கட்டணம் பிடிக்கும் என்பதால் பலமுறை சிறிது சிறிதாக எடுக்க வேண்டாம்.

விதிகளையும் தெரிந்து கொள்ளவும். ஒரு பயணத்திற்கு 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை வெளிநாட்டு நோட்டுகளாக எடுத்துச் செல்லலாம். மீதியைக் கார்டில்தான் கொண்டு செல்ல வேண்டும். இந்திய ரூபாய் 25,000 வரை கையில் இருக்கலாம். 10,000 யூரோ அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள ரொக்கத்துடன் ஐரோப்பிய யூனியனுக்குள் நுழைந்தால் சுங்கத் துறையிடம் தெரிவிக்க வேண்டும். மீந்த பணத்தில் 2,000 டாலர் மதிப்பு வரை நீங்களே வைத்துக் கொள்ளலாம். மீதியை ஊர் திரும்பிய 180 நாட்களுக்குள் வங்கியிடம் கொடுத்துவிட வேண்டும்.

கடையில் கவனிக்க வேண்டியவை

* நாம் புள்ளி வைக்கும் இடத்தில் அவர்கள் கமா வைப்பார்கள். 1 299,50 என்றால் ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது குரோனர் 50 ஓரே. 129:- என்றால் சரியாக 129 குரோனர். ஒர்க் ஷீட்டில் எழுதும்போது கமாவிற்குப் பதிலாகப் புள்ளி வைத்து டைப் செய்திடவும். இல்லையேல் கணக்கு தவறிவிடும்.

* விலையில் வரி சேர்ந்தே இருக்கும். பொதுவான வரி விகிதம் 25 சதவீதம். ரசீதில் 'மொம்ஸ்' என்று காட்டப்படும். பெரிய பொருள் வாங்கினால், ஐரோப்பிய யூனியனுக்கு வெளியே வசிப்பவர் என்ற முறையில் வரியில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். கடையிலேயே பாஸ்போர்ட்டைக் காட்டி அதற்கான படிவத்தைக் கேட்கவும்.

* டிப்ஸ் கட்டாயமில்லை. கார்டு இயந்திரம் மொத்தத் தொகையை டைப் செய்யச் சொன்னால் பில் தொகையையே கொடுக்கலாம். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

* குளிர்பான டின், பிளாஸ்டிக் பாட்டில் விலையோடு 'பந்த்' என்று ஒரு சிறு தொகையைச் சேர்ப்பார்கள். காலி பாட்டிலை சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் போட்டால் அந்தப் பணம் சீட்டாகத் திரும்பக் கிடைக்கும். தூக்கி எறிய வேண்டாம்.

பாதுகாப்பு

ஓட்டல் வரவேற்பறையிலும் நூலகத்திலும் உள்ள பொதுக் கம்ப்யூட்டர்களில் நெட் பேங்கிங் செய்ய வேண்டாம். நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு கீயையும் பதிவு செய்யும் புரோகிராம் அதில் இருக்கலாம். உங்கள் மொபைலில் ரோமிங் டேட்டாவைப் பயன்படுத்துவதே நல்லது. கார்டை முடக்க அழைக்க வேண்டிய வெளிநாட்டுத் தொடர்பு எண்ணை வங்கி தளத்திலிருந்து எடுத்து ஒரு தாளில் எழுதிப் பெட்டியில் வைக்கவும். மொபைல் தொலைந்தால் அதற்குள் இருக்கும் எண்ணும் சேர்ந்தல்லவா தொலையும்? அதே எண்ணை வீட்டில் உள்ளவர்களிடமும் கொடுத்துவிடவும்.

கடைசியாக ஒரு செய்தி. 2021 ஜூலை தொடக்கத்தில் கசேயா என்ற அமெரிக்க நிறுவனத்தின் சாப்ட்வேர் வழியாக ரான்சம்வேர் தாக்குதல் நடந்தது. ஸ்வீடனில் கூப் என்ற சூப்பர் மார்க்கெட்டின் பில் போடும் இயந்திரங்கள் நின்று, சுமார் 800 கடைகள் மூடப்பட்டன. அன்று அந்தக் கடை வாசலில் கார்டு வைத்திருந்தவரும் ஒன்றுதான், ரொக்கம் வைத்திருந்தவரும் ஒன்றுதான். கம்ப்யூட்டரை நம்பி வாழும் ஊரில் எந்த ஒன்றையும் மட்டும் நம்பியிருக்கக் கூடாது. இரண்டு கார்டு, சிறிது ரொக்கம், இயங்கும் சிம், அடுத்த வேளைக்குக் கொஞ்சம் உணவு. இவை இருந்தால் எந்த ஊரிலும் சமாளிக்கலாம்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, ஓய்வாக ஒரு மாலைப் பொழுதில் கம்ப்யூட்டர் முன் அமர்ந்து மேலே சொன்னவற்றை ஒவ்வொன்றாக முடித்திடுங்கள். ஒரு மணி நேரம் கூட ஆகாது. விமான நிலையத்தில் நான் இழந்தது ஒன்றரை மணி நேரம். அங்கே குளிர் வேறு!